வசந்திக்கு வாங்கிய லேசான ரிவால்வர்

1

போன வாரம் மகளைத் தடுப்பூசிக்காக டாக்டரிடம் அழைத்துப் போனேன். இந்த ஊரில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து பக்கம். பிள்ளை பால் குடிக்கிறாளா, பல் தேய்க்கிறாளா, சைக்கிளில் போனால் ஹெல்மெட் போடுகிறாளா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நாலாவது பக்கத்தின் நடுவில், பால் கேள்விக்கு இருந்த அதே சைஸ் எழுத்தில், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டு கட்டம். ஆமாம், இல்லை.

நான் 'இல்லை'யில் டிக் போட்டேன். யோசிக்கவே இல்லை. கை அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது.

கயலுக்குப் பதினான்கு வயது. செல்போனில் மூழ்கிக் கிடந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாய்தான் திறக்காது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

"அது பொய் அப்பா" என்றாள், இங்கிலீஷில். "உன் அலமாரியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறதே." என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, நான் போட்ட டிக்கை அடித்துவிட்டு, 'ஆமாம்' கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டு, கவுன்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் செல்போனை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. பூட்டி வைத்திருக்கிறீர்களா, தோட்டாவைத் தனியாக வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் தன்மையாகத்தான் கேட்டார். கடைசியில், "எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்றார். "என் மனைவிக்காக" என்றேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஏழு வருஷமாகியும் இந்த பாஷை இன்னும் என் காலை வாருகிறது.

ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. இந்த நாட்டில் நடத்திய மளிகைக் கடையை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ரிவால்வர் ஏன் இன்னும் என் வீட்டில் இருக்கிறது? இந்தப் பத்திரிகைக்கு அவ்வப்போது கட்டுரை அனுப்புகிறவன், இந்தத் தடவை அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

2

சிதம்பரம் கீழ வீதியில் ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ராமலிங்கத்தை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எட்டுக்குப் பத்து இடம். தேர் வருகிற நாளில் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன், அவ்வளவு தெருவோரம். மிக்ஸியைக் கையில் தூக்கிப் பார்த்தே காயில் போயிருக்கிறதா, புஷ் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். "ராமலிங்கம் தூக்கிப் பாத்தா போதும்பா" என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லி எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது. மெஷின் என்று ஒன்று இருந்தால் அது எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு.

மனைவி வசந்தி கடலூர் முதுநகர்க்காரி. ஜங்ஷன் பக்கம் வீடு, மாமனாருக்கு ரயில்வே உத்தியோகம். அவளுக்கு ஒரே அண்ணன், செல்வம். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அமெரிக்கா போய், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த மளிகைக் கடை வைத்திருந்தார். தங்கச்சிக்காக அவர் போட்ட மனு பதினோரு வருஷம் தூங்கிவிட்டு 2004 கடைசியில் கண் விழித்தது. ஃபைல் வசந்தி பெயரில். அதில் நான் 'உடன் வருபவர்'. கயலும் 'உடன் வருபவர்'. என் மகளும் நானும் ஒரே அந்தஸ்தில் ஃபைலில் இருந்தோம்.

மச்சானை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. கயலுக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், மச்சான் வரும்வரை காத்திருப்போம் என்று சொல்லியிருந்தோம். அந்த ஒரு நாளுக்காக அவ்வளவு தூரத்திலிருந்து பறந்து வந்தார். ஊசி ஏறும்போது குழந்தை வீல் என்று கத்தியது. குழந்தையை விட அதிகமாக அழுதவர் மச்சான். ஒரு மனுஷனை நம்புவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

விசா வந்ததும் போன் செய்தார். "மாப்ள, நீ வந்து கடைய எடுத்துக்க. எனக்குப் போதும், அப்பாவுக்கு வயசாவுது, நான் ஊருக்கு வந்துடுறேன். அன்னியன் எவனுக்கோ உடுறதுக்கு நம்ம வசந்தி கையில இருந்தா எனக்கு நிம்மதி."

"எடம் எப்படி மச்சான்? பயம் கியம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டேன். டிவியில் பார்த்ததை வைத்துக் கேட்டேன்.

"யோவ், பத்து வருசமா கல்லாவுல உக்காந்திருக்கன். ஒரு கம்பு கூட வச்சிக்கிட்டதில்ல மாப்ள!"

அந்த வார்த்தையை நம்பிக் கீழ வீதிக் கடையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். 2005 ஜூனில் இறங்கினோம். மூன்று மாதம் கூட இருந்து தொழில் சொல்லிக் கொடுத்துவிட்டு மச்சான் ஊருக்குப் பறந்துவிட்டார்.

3

கடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஐந்தரைக்குக் காபி மெஷினைப் போட வேண்டும். பால், ரொட்டி, பீர், லாட்டரிச் சீட்டு, சிகரெட். என் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் சப்ளை லாரிக்காரனிலிருந்து பேங்க்வரை எல்லாரும் என்னைச் "சொக்கலிங்கம்" என்றே கூப்பிட்டார்கள். அப்பா செத்துப் பல வருஷம். உயிரோடு இருந்தபோது அவரை இத்தனை பேர் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தினமும் ரொட்டி வாங்க வருகிற ஒரு பாட்டியம்மா, நான் கடையை எடுத்த முதல் வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களெல்லாம் தைரியசாலிகள்" என்றார். கடல் தாண்டி வந்ததைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று இரண்டு தடவை சொன்னேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வந்த புதிதிலேயே வசந்தி ஒன்று சொல்லிவிட்டாள். "காலையில நீங்க பாருங்க. சாயந்திரக் கல்லா என்னுது." பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாயிற்றே, நீ வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். காய்ச்சல் அடித்த அன்று கூடச் சால்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முதுநகரில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூச்சப்பட்டவள் இப்படி உழைக்கிறாளே என்று எனக்குப் பெருமையான பெருமை. ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

2007 மார்ச்சில் ஒரு சாயந்திரம், முகத்தை மறைத்த ஒருத்தன் உள்ளே வந்து, கல்லாவுக்கு மேலே துப்பாக்கியை நீட்டினான். வசந்தி டிராயரை அப்படியே உருவி அவனிடம் கொடுத்துவிட்டாள். லாட்டரிச் சீட்டுக் கட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. வசந்தி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஒண்ணும் ஆவலங்க. போயிட்டான்" என்றாள்.

4

ஒரு மாதம் யோசித்துவிட்டு, அவளுக்கு ஒரு ரிவால்வர் வாங்குவது என்று முடிவு பண்ணினேன். நம் ஊரில் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, தாசில்தார், போலீஸ் என்று கையெழுத்து வாங்கினாலும் கிடைக்காத சமாசாரம். இங்கே டவுனில் தூண்டில், கூடாரம் எல்லாம் விற்கிற கடையில், பின்பக்கக் கண்ணாடிக்குள் நகை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறான்.

புடவை எடுப்பதென்றால் குடும்பமே கிளம்பிப் பாண்டிச்சேரிக்குப் போகிற ஜாதி நாங்கள். துப்பாக்கி எடுக்க மட்டும் நான் தனியாகப் போனேன். வசந்தியிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். ஆனால் கை அளவு வேண்டுமே? நாம் என்ன செய்வோம், வளையல் வாங்கப் போனால் அளவு வளையல் எடுத்துக்கொண்டு போவோம் இல்லையா, அதேபோல அவளுடைய பழைய வளையல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கடைக்காரர் வால்ட்டர், எழுபது வயதுக் கிழவர். யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். அவரை அழைத்து வரவில்லையா என்றார். நான் வளையலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன். "இதுதான் அவள் கை" என்றேன். கிழவர் வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை.

மூன்று எடுத்து வைத்தார். ஒன்று முழுக்க எஃகு, நல்ல கனம். இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது அலுமினியக் கலவையில் செய்தது, குட்டை மூக்கு, ஐந்து தோட்டா. தூக்கினேன். அடடா! ஒரு தேங்காய் கனம்கூட இல்லை. வசந்தியின் சின்னக் கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"லேசாக இருப்பது தூக்குவதற்குத்தான் சுகம்" என்றார் கிழவர். "சுடும்போது கனமானதுதான் அடங்கி உட்காரும். அவரையே கூட்டி வந்து கையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது."

எனக்கா தெரியாது? ராமலிங்கம் தூக்கிப் பார்த்தால் போதுமே. "இதுதான் வேண்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் படிவம். பிறந்த ஊர், உயரம், எடை, இனம், கிரீன் கார்டு எண். நீ குற்றவாளியா, நீ தப்பி ஓடுகிறவனா, நீ மனநிலை சரியில்லாதவனா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. கிழவர் போனில் என் அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். சிதம்பரத்தில் யாருக்கும் ஒரு தீங்கு நினைக்காத சொக்கலிங்கம், குற்றமற்றவர் என்று அமெரிக்க அரசாங்கம் கால்மணி நேரத்தில் சான்றிதழ் கொடுத்தது.

5

சுட்டுப் பழகுகிற இடத்துக்கு வசந்தியை இழுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு தடவை சுட்டாள். அந்தக் குட்டிச் சனியன் கையை மேலே தூக்கி எறிந்தது. மணிக்கட்டு மடங்கி, கையில் போட்டிருந்த கண்ணாடி வளையல் உடைந்து சிதறியது. வலியை விட, வளையல் உடைந்ததில் அவள் முகம் செத்துவிட்டது. துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே, "போலாங்க" என்றாள். அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

எனக்கு உறைத்தது. லேசான மிக்ஸி மேடையில் குதிக்கும், கருங்கல் கிரைண்டர் அசையாமல் ஓடும். பதினைந்து வருஷம் இந்த வித்தையை வைத்துத்தானே சோறு சாப்பிட்டேன்? ஆனாலும் மாற்றவில்லை. தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. கல்லாவுக்குக் கீழே டிராயரில் தோட்டா போட்டு வைத்தேன். "உன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, பயப்படாத" என்றேன். "சரி" என்றாள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. இங்கே வந்தாலும் அதை நாங்கள் விட்டதில்லை. கல்லா மெஷின், காபி மெஷின், ஏணி, தரை துடைக்கிற வாளி, கார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, வெல்லம். கீழ வீதியில் ஸ்க்ரூ டிரைவரையும் டெஸ்டரையும் வைத்துக் கும்பிட்டவன், இந்தத் தடவை ரிவால்வரையும் எடுத்து வைத்தேன். எங்கள் பரம்பரையில் ஆயுத பூஜைக்கு நிஜமான ஆயுதத்தை வைத்த முதல் ஆள் நான்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, தாராளமாக அப்பினேன். நமக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லையே.

இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தோட்டா போடுகிற உருளை சுற்றவில்லை. சந்தனம் இடுக்கில் புகுந்து சிமென்ட் மாதிரி காய்ந்திருந்தது. உள்ளே தோட்டாவும் இல்லை. வசந்தி எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வால்ட்டரிடம் ஓடினேன்.

கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் சுரண்டினார். சுரண்டின தூளை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இந்த மஞ்சள் மண் எனக்குத் தெரியும்" என்றார். "உங்களுக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்தாரே சாம், அவரும் ஒவ்வொரு அக்டோபரும் இப்படித்தான் பூசிக் கொண்டுவருவார். பூசாதே பூசாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

சாம் என்பது மச்சான் செல்வத்துக்கு இந்த ஊர் வைத்த பெயர்.

"சாமிடம் துப்பாக்கி இருந்ததா?" என்று கேட்டேன்.

"இரண்டாவது தடவை கடையில் புகுந்து மிரட்டினார்களே, அதற்கப்புறம் வாங்கினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன். இப்போது எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறார்" என்றேன்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பகல். வசந்தி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாவம், இது தெரிந்தால் அவளும் உடைந்துபோவாளே என்றுதான் முதலில் தயங்கினேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"உங்க அண்ணன் துப்பாக்கி வச்சிருந்தாராம்."

அவள் நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"மூணு வாட்டி கடையில பூந்து மெரட்டி இருக்கானுங்க. நம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னாரா? உனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"தெரியும்."

நான் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "எப்பலேர்ந்து?"

"விசா வந்த சமயம் நாம முதுநகருக்குப் போயிருந்தப்பவே. அண்ணன் போன்ல அழுதுச்சி. இன்னொரு வாட்டி நடந்தா நான் இருக்க மாட்டேன் வசந்தின்னு சொல்லிச்சி. மாப்ளகிட்ட சொல்லிடாத, சொன்னா வர மாட்டாரு, வேற எவனும் இந்தக் கடைய எடுக்க மாட்டான், நான் இங்கியே கெடந்து சாவ வேண்டியதுதான்னு..." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பாவும் சொல்லாதன்னுதான் சொன்னாரு."

"அப்ப நான் வந்து சாவலாம், இல்ல?"

"நீங்க ஏன் சாவணும்?" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "அதுக்குத்தான சாயந்திரக் கல்லாவுல நான் உக்காந்தேன்? ஒரு நாளாவது உங்கள உக்கார உட்டேனா?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து காலி பெருங்காய டப்பாவை எடுத்து வந்து மேஜையில் கவிழ்த்தாள். ஐந்து தோட்டா உருண்டது. "நீங்க போட்டு வச்ச அன்னிக்கே எடுத்துட்டேன். ஒருத்தனச் சுட்டுட்டு அப்புறம் எந்தக் கையால புள்ளைக்குச் சோறு போடுவேன்?"

கதையாக இருந்தால் இந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். எனக்குப் பதிலாக அவள் துப்பாக்கிக்கு எதிரில் உட்கார்ந்தது அன்று எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் தெரிந்தது. அவள் அண்ணனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வால்ட்டருக்குத் தெரியும், ரொட்டி வாங்குகிற பாட்டிக்குத் தெரியும். நான் ஒருத்தன் மட்டும் அளவு வளையலைத் தூக்கிக்கொண்டு, அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்திருக்கிறேன். பதிமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள் என்னை 'உடன் வருபவர்' ஆகவேதான் வைத்திருந்தாள்.

"உனக்கு அண்ணன்தான் முக்கியம்" என்றேன்.

"அண்ணனும் முக்கியம்" என்றாள் வசந்தி. பீன்ஸை எடுத்து மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து சாயந்திரக் கல்லாவில் நான் உட்கார்ந்தேன். பேச்சு குறைந்தது. மச்சான் போன் செய்தால் எடுப்பதில்லை. 2010ல் கடையை விற்றுவிட்டு, பக்கத்து மாநிலத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தேன். ரிவால்வர் என்னோடு வந்தது.

7

இந்த வருஷம் மே மாதம் மச்சான் முதுநகரில் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வசந்தி கேட்கவில்லை, டிக்கெட்டை எடுத்து வந்து முன்னால் வைத்துவிட்டாள். ஆறு வருஷத்துக்கு மேல் ஊர் முகம் பார்க்காதவன், கிளம்பினேன். 'தானே' புயல் அடித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தும் வழியெல்லாம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கயலுக்கு அதையெல்லாம் காட்டினேன். "வெறும் மரம்தானே" என்றாள், இங்கிலீஷில்.

விசேஷம் முடிந்த மறுநாள் பொம்பளைகளும் பிள்ளைகளும் பிச்சாவரத்துக்குப் படகில் போகக் கிளம்பிவிட்டார்கள். மாடியில் நானும் மச்சானும் மட்டும். தலை பூராவும் நரைத்துப்போய் ஆள் ஒடுங்கியிருந்தார். ஐந்து வருஷம் உள்ளே வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"ஒரு கம்பு கூட வச்சிக்கிட்டதில்லன்னீங்களே மச்சான்? எம்பொண்டாட்டிய, எம்புள்ளைய எமன் வாயில கொண்டாந்து உட்டுட்டு, இங்க வந்து வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. மடியில வச்சிக் காது குத்துன புள்ள அது!"

நான் முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"தப்புதான் மாப்ள. கால்ல வேணா உழுவுறேன். நான் பயந்தாங்கொள்ளி. மூணாவது வாட்டி அவன் என் வாயில வச்சான் துப்பாக்கிய. அதுக்கப்புறம் எனக்கு நாயமும் தெரியல, தங்கச்சியும் தெரியல." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. நீ அந்தக் கடைய நெல்லிக்குப்பத்துப் புள்ள ஒருத்தனுக்கு வித்தியாமே, அவங்கிட்ட என்னா சொன்ன?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"வசந்திதான் சொல்லிச்சி."

அவள் எதையும் அண்ணனிடம் மறைக்க மாட்டாள். மறைப்பதெல்லாம் என்னிடம்தான். அந்த எரிச்சலில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

ஏனென்றால், கடையைப் பார்க்க வந்த குமரன், புதுசாகக் கல்யாணமான பையன், மனைவி கவிதாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எதாச்சும் பிரச்சன உண்டாண்ணே? இவ தனியா இருக்க வேண்டி வரும்" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே, "அட நீ வேற தம்பி. அஞ்சு வருசமா உக்காந்திருக்கன், ஒரு கம்பு கூட வச்சிக்கிட்டதில்ல" என்றேன். மச்சான் சொன்ன அதே வார்த்தை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்தது. எனக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று இருந்தது.

அதனால்தான் ரிவால்வரைக் கடையில் விட்டுவிட்டு வர முடியவில்லை. வால்ட்டரிடம் திருப்பிக் கொடுத்தால் கிழவர் யாரிடமாவது பேசுவார். வேறு யாருக்காவது விற்றாலும் சின்ன ஊர், காது நீளம். ஆகவே எனக்குக் கையோடு கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. டாக்டரம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான்.

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குத்திக்காட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் பரவாயில்லை. கூட்டாளியைப் பார்க்கிற பார்வை அது.

8

டாக்டரிடம் போய் வந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தால் குமரன். நலம் விசாரித்தான், அண்ணியை விசாரித்தான், ஆயுத பூஜை ஆயிற்றா என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணுமில்லண்ணே, போன வாரம் கடையில ஒரு சின்னப் பிரச்சன ஆயிடிச்சி. யாருக்கும் அடியெல்லாம் இல்ல. கவிதாதான் கல்லாவுல இருந்தா, ரொம்பப் பயந்துட்டா. அவளுக்குக் கைக்கு அடக்கமா, லேசா ஒரு ரிவால்வர் வாங்கிடலாம்னு பாக்குறேன். உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லன்னு தெரியும், நீங்கதான் கம்பு கூட வச்சிக்கிட்டதில்லியே. இருந்தாலும் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா எது நல்லதுன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

வசந்தி எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. அவள் கை நின்றது.

"லேசா இருக்கறது வேணாம் தம்பி" என்றேன். "லேசானதுதான் கைய உதைக்கும். கவிதாவையே அழைச்சிக்கிட்டுப் போயி கையில குடுத்துப் பாரு."

"அட, உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"யாரோ சொன்னாங்க."

போனை வைத்ததும் வசந்தி எழுந்தாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று பீன்ஸ் நறுக்கிய மேஜையில் அவள் எனக்குப் பதில் சொன்னாள். என்னால் அந்தப் பையனுக்கு அதுகூட முடியவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை அவனுக்குப் போன் செய்தேன். மழையைப் பற்றியும் அவன் ஊர் கரும்பைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாய் வரமாட்டேன் என்கிறது. மச்சான் துரோகம், வசந்தி துரோகம் என்று ஐந்து வருஷம் மனசுக்குள் பட்டியல் போட்டேன். என் பெயரை அதில் சேர்க்கக் கயல் வந்து பேனாவைப் பிடுங்க வேண்டியிருந்தது.

குமரனின் அப்பா நெல்லிக்குப்பத்தில் இந்தப் பத்திரிகையை ஒரு இதழ் விடாமல் படிக்கிறவர். கடை கைமாறிய அன்று போனில் அவரே சொன்னார், "உங்க கட்டுரையெல்லாம் படிச்சிருக்கேன் சார், உங்கள நம்பித்தான் எம்புள்ளைய அங்க உடுறேன்" என்று.

ஐயா, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் பத்திரிகையின் மிச்சத்தை அப்புறம் படியுங்கள். அந்தக் கடையில் என் மச்சான் காலத்தில் மூன்று தடவை துப்பாக்கியோடு புகுந்து மிரட்டினார்கள். என் காலத்தில் ஒரு தடவை. தெரிந்தேதான் உங்கள் மகனிடம் மறைத்தேன். உங்கள் மருமகள் இப்போதும் சாயந்திரக் கல்லாவில்தான் உட்காருகிறாளாம். முதலில் அவளை அங்கிருந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள்.